வீட்டுக்குள் ஒரு வாசல்

மூன்றாண்டுகளாக நான் சென்னை இராயப்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசித்து வருகிறேன். குடும்பம் ஊரில் இருக்கிறது. ஆசிரியத் தொழில் என்னை நகரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த வீடு என் ஒருவனுக்கு உரியதன்று. மூன்று அறைகளில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் வங்கி அலுவலர். என்னினும் சில ஆண்டுகள் மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். மற்றவர் கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர். கூடமும் சமையலறையும் பொது. வாடகை, மின்கட்டணம், சமையல் எரிவாயு ஆகியவற்றின் செலவை மூன்றாகப் பகுத்துக்கொள்வது போலவே இணையக் கட்டணத்தையும் பகுத்துக்கொள்கிறோம். கூடத்துச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியான ரௌட்டர் ஒன்றுதான் எங்கள் மூவருக்கும் உலகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. அதன் கடவுச்சொல் எங்கள் மூவருக்கும் தெரியும். வந்துபோகும் விருந்தினருக்குத் தெரியும். தண்ணீர் கேன் போடவரும் பையனுக்கும் தெரியும்.

இதில் குறை ஏதும் இருப்பதாக எனக்கு நெடுநாள் தோன்றவில்லை. மாலையில் மஃரிபுக்குப் பின் என் அறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஊரிலும் கடல் கடந்தும் இருக்கும் மாணவர் சிலருக்கு அரபு இலக்கணமும் தமிழும் கற்பிப்பேன். அவர்களுக்கான வினாத்தாள்களை மேசைமேல் இருக்கும் சிறிய அச்சுப்பொறியில் எடுத்துச் சரிபார்ப்பேன். மறைத்து வைக்க ஓர் ஆசிரியனிடம் என்ன இருக்கிறது? வினாத்தாள் ஒன்றுதான், அதுவும் தேர்வு முடியும் வரையில். ஆதலால் தனிமை, பாதுகாப்பு என்றெல்லாம் அந்த இளைஞர் பேசும்போது, இவை செல்வந்தருக்கும் அதிகாரத்தில் இருப்பவர்க்கும் உரிய கவலைகள் என்று எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

ஓர் இரவு அந்தச் சிரிப்பு அடங்கிற்று. ஏறக்குறையப் பன்னிரண்டு மணி இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். மேசைமேல் இருந்த அச்சுப்பொறி தானாக விழித்துக்கொண்டு முனகத் தொடங்கிற்று. நான் எதையும் அச்சிட அனுப்பவில்லை. எழுந்து விளக்கைப் போட்டபோது ஒரு தாள் பாதி வெளியே வந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். எழுத்து என்றால் படிக்கும் கண் என்னுடையது; ஐம்பது வயது வரை அதற்கு வேறு எதையும் நான் பழக்கவில்லை. மூன்று வரிகளைப் படித்துவிட்ட பிறகுதான் அது எனக்கு வந்ததன்று என்பது உறைத்தது. அது ஒரு மருத்துவமனையின் பரிசோதனை அறிக்கை. மேலே வங்கி அலுவலரின் பெயர் இருந்தது. அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அவருடைய பிள்ளைகளுக்கே அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை என்பது மட்டும் போதும். இவ்வளவையும் அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.

அவரிடமும் ஓர் அச்சுப்பொறி உண்டு. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஆக்கம். கைப்பேசியில் வரும் பட்டியலில் இரண்டின் பெயருக்கும் கடைசி இரண்டு எழுத்துகளில்தான் வேறுபாடு. உறக்கமற்ற கண்களோடு அவர் தவறானதைத் தொட்டுவிட்டார். நிகழ்ந்தது அவ்வளவே.

தாளை மடித்து உறையிலிட்டு ஒட்டினேன். கதவின் கீழாகத் தள்ளிவிடலாமா, யார் வைத்தது என்று தெரியாமல் போகட்டுமா என்றெல்லாம் விடியும் வரை மனம் அலைந்தது. அது கோழைத்தனம் என்று பட்டது. காலையில் கையிலேயே கொடுத்தேன். அவர் உறையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். “படித்தீர்களா, மௌலவி?” என்றார். “மூன்று வரி கண்ணில் பட்டுவிட்டது, அண்ணே. மன்னியுங்கள்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதன்பின் சில நாள்கள் நான் சமையலறையில் இருக்கும் வேளையில் அவர் அங்கே வருவதைத் தவிர்த்தார். ஒரு குக்கரில் சோறு வடித்துப் பகிர்ந்துண்ட இருவர், நேரம் பார்த்து அடுப்படிக்கு வரும்படி ஆயிற்று.

மதரஸாவில் நாங்கள் ஓதிய பாடங்களில் இஸ்திஃதான் என்று ஒன்று உண்டு. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கும் ஒழுக்கம் அது. மூன்று முறை கேட்டும் விடை வராவிட்டால் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிட வேண்டும். இந்த ஒழுக்கத்தின் நோக்கம் காலைத் தடுப்பதைவிடக் கண்ணைக் காப்பதே என்று நான் எத்தனையோ மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் அந்த இரவில் நான் எந்த வாசலையும் கடக்கவில்லை. அண்ணனின் அறைதான் என் மேசைக்கு வந்துவிட்டது. குற்றம் யாருடையது? அவருடையதன்று, என்னுடையதும் அன்று. இருவருக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஒரு சுவர் இல்லாமற்போனதே குற்றம். அறைகளுக்குச் சுவர் எழுப்பிய நாம் அறைகளுக்குள் ஓடும் வலைக்கு எழுப்பவில்லை.

மறுவாரம் இளைஞரிடம் சென்றேன். அன்றைக்கு அவர் ஆசிரியர், நான் மாணவன்.

“ஐயா, ஒரே வலைக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கூவி அழைத்துக்கொண்டே இருக்கும். ‘நான் அச்சுப்பொறி, இங்கே இருக்கிறேன்’ என்று உங்கள் கருவி ஓயாமல் அறிவிக்கிறது. வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் அதைக் கேட்கின்றன” என்று அவர் தொடங்கினார்.

வலை என்ற சொல்லில் என் மனம் ஒரு கணம் நின்றது. அரபியிலும் இதற்கு ஷபக்கா என்றே பெயர். மீன் பிடிக்கும் வலைக்கும் அதுவே சொல். தமிழும் அரபியும் ஆங்கிலமும் வெவ்வேறு கரைகளிலிருந்து வந்து ஒரே செம்படவனின் கையில் கூடிநிற்கின்றன. வலையின் இயல்பை அறிந்தே முன்னோர் அப்பெயரை வைத்ததுபோல் தோன்றியது. ஒரு கண்ணியை இழுத்தால் மற்றக் கண்ணிகளும் அசையும் அல்லவா?

இளைஞர் தாளொன்றை எடுத்து வரைந்து காட்டினார். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணால் ஆன ஒரு முகவரி வேண்டும். தொடக்கத்தில் வகுத்த முறையில் மொத்தம் 429 கோடிக்குச் சற்று மேற்பட்ட முகவரிகளே உண்டு. அவை போதமாட்டா என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1994இல் ஒரு பொதுமுகவரிக்குப் பின்னால் பல கருவிகளை அமர்த்தும் முறை முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டில் சில எண்தொகுதிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை. அவை ஊர் அறியாத முகவரிகள். ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாம் எண் வீடு இருப்பதுபோல, ஒவ்வொரு வீட்டு வலையிலும் 192.168.1.5 இருக்கலாம், ஒன்றுக்கொன்று மோதாது. 2011 பிப்ரவரியில் பொதுமுகவரிகளின் மூல இருப்பு முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்துபோயிற்று. இருந்தும் வீடுதோறும் பத்துக் கருவிகள் இயங்க முடிகிறதென்றால் அதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெருங்காரணம்.

கூடத்துப் பெட்டி செய்யும் வேலையைப் பழைய கூட்டுக்குடும்பத்தின் கணக்குப்பிள்ளை செய்த வேலைக்கு ஒப்பிடலாம். உள்ளே இருப்பவர் எவர் கடிதம் எழுதினாலும் அது குடும்பத்தின் ஒரே விலாசத்திலிருந்து வெளியே போகும். மறுமொழி வந்ததும், இது யார் கேட்டதற்கு வந்த விடை என்று தம் குறிப்பேட்டைப் பார்த்து அவரவர் அறைக்கு அனுப்பிவைப்பார். எவரும் கேட்காத கடிதம் வெளியிலிருந்து வந்தால் அதைச் சேர்க்க அவருக்கு ஆள் தெரியாது, வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே தெருவிலிருந்து எங்களுக்கு ஓரளவு காப்பு இருந்தது. எங்களுக்குள்தான் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். மூன்று வழிகள் சொன்னார். தனி இணைப்பு வாங்கலாம். ஆனால் புதுக் கம்பியை உள்ளே கொண்டுவரச் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் இசையமாட்டார். மாதந்தோறும் தனிக்கட்டணமும் ஆகும். கூடத்துப் பெட்டியிலேயே விருந்தினர் வலை என்ற வசதி இருக்கிறது. ஆனால் அதில் சேரும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று காணமாட்டா. என் மடிக்கணினியே என் அச்சுப்பொறியைக் காணாமற்போகும். மூன்றாவது வழி, என் அறையில் ஒரு சிறு ரௌட்டரை வைத்து, அதைக் கூடத்துப் பெட்டியோடு கம்பியால் இணைப்பது. அப்போது என் அறை, வீட்டுக்குள் ஒரு வீடாகும். கூடம் எனக்குத் திண்ணை ஆகிவிடும்.

இந்த உவமை எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் பழைய வீடுகளில் தெருவுக்கும் உள்வீட்டுக்கும் இடையே திண்ணை இருந்தது, நடை இருந்தது. வந்தவர் யாரென்று அறியுமுன்னரே உள்வீடு தெரிந்துவிடாது. இன்றைய அடுக்குமாடியில் கதவைத் திறந்தால் படுக்கையறை வரை தெரிகிறது.

மறுநாளே இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு சிறு ரௌட்டர் வாங்கிவந்தேன். இளைஞர் அலுவலகத்திலிருந்து வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. நஹ்வும் ஸர்ஃபும் கற்றவனுக்கு ஒரு கம்பியை ஒரு துளையில் செருகத் தெரியாதா என்ற செருக்கு. பெட்டியின் பின்புறத்தில் ஐந்து துளைகள். நான்கு ஒரு நிறம். ஒன்று வேறு நிறம். நான்காக இருப்பதுதான் முறையானது என்று நானே முடிவுசெய்து, கூடத்திலிருந்து வந்த கம்பியை அவற்றில் ஒன்றில் செருகினேன்.

அவை நான்கும் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கான துளைகள். வெளியுலகைப் பார்த்திருப்பது அந்த வேறு நிறத் துளை ஒன்றே. இதை அறியாமல் நான் செய்த வேலையால் என் புதுப்பெட்டி தனி வலையாகாமல் கூடத்து வலையின் நடுவிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கூடத்துப் பெட்டியின் முகவரியும் 192.168.1.1, புதுப்பெட்டிக்குத் தொழிற்சாலையில் இட்ட முகவரியும் 192.168.1.1. ஒரே வீட்டில் ஒரே பெயருடைய இரு கணக்குப்பிள்ளைகள்! இருவருமே கருவிகளுக்கு எண் வழங்கத் தொடங்கினர். ஒருவருக்குத்தான் தெருவுக்குப் போகும் வழி தெரியும், புதியவருக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் வீடு முழுவதும் இணையம் நின்றுபோயிற்று.

வங்கி அலுவலர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் கைப்பேசி. அந்த நேரத்தில் அவர் தம் மருத்துவரோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதும், பத்து நாள் காத்திருந்து பெற்ற நேரம் அது என்பதும் பின்னரே எனக்குத் தெரிந்தன. என் அறைவாசலில் நின்று, தரையில் பரப்பிக் கிடந்த கம்பிகளையும் பெட்டியையும் பார்த்தார். கோபம் கொள்வார் என எண்ணினேன். அமைதியாகச் சொன்னார்: “மௌலவி, வீட்டில் ஆணி அடிப்பதென்றால்கூடப் பக்கத்து அறையில் சொல்லிவிட்டுத்தானே அடிப்போம்.”

அந்தச் சொல்லுக்கு நான் இன்றுவரை மறுமொழி தேடவில்லை. ஏனெனில் அதற்கு மறுமொழி இல்லை. அவருடைய மறைவைக் காப்பதற்கென்று நான் எழுப்பப்போன சுவரை அவரைக் கேளாமலே எழுப்பத் தொடங்கினேன். முதற்கல்லே அவர் தலையில் விழுந்தது. கம்பியைப் பிடுங்கி, கூடத்துப் பெட்டியை அணைத்துப் போட்டு, அவருக்குத் தொடர்பு மீண்டும் கிடைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் நல்லவர், மறுபடியும் அழைத்தார்.

அன்றிரவு மூவரும் சமையலறையில் அமர்ந்தோம். பல நாள்களுக்குப் பின் அவரும் நானும் ஒருசேர அமர்ந்தது அப்போதுதான். நான் செய்ய விரும்புவது என்ன, எதற்காக என்பதை மறைக்காமல் சொன்னேன். “உங்களிடமிருந்து எதையும் ஒளிப்பதற்காக அல்ல, அண்ணே. உங்களுடையது இன்னொரு முறை என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக” என்றேன். அவர் நெடுநேரம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள், எனக்கு அப்போது வேலை இல்லை” என்றார்.

ஞாயிறன்று இளைஞரின் மேற்பார்வையில் வேலை நடந்தது. கம்பி உரிய துளையில் ஏறிற்று. என் வலைக்கு 192.168.10 என்று தொடங்கும் எண்களை வைத்தோம். கூடத்து வலையின் எண்ணும் அறை வலையின் எண்ணும் ஒன்றாயிருந்தால் எது உள், எது வெளி என்று ரௌட்டர் குழம்பிவிடும். தொழிற்சாலை இட்ட நிருவாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றினோம். அதை மாற்றாமல் விடுவது, பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போன்றது. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ எளிதாக இணையும் ஒரு வசதி பெட்டியில் இருந்தது, அதையும் அடைத்துவிட்டோம். எட்டு இலக்கம் என்றால் பத்துக்கோடி முயற்சி வேண்டுமே என்று நான் கேட்டேன். பெட்டி அந்த எண்ணை இரு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்தே கணக்கிட்டுப் பெறப்படுவதாலும், பதினோராயிரம் முயற்சிகளே போதும் என்பது 2011 இறுதியில் வெளிப்பட்டதாம். பெரும்பூட்டின் உள்ளே சிறுபூட்டு!

அடுத்து வைஃபையின் காப்புமுறை. பழைய முறை ஒன்று 2001லேயே உடைபட்டுவிட்டது. 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2 என்பதும், 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3 என்பதும் வந்தன. என் அச்சுப்பொறி பழையது, மூன்றாவதை அறியாது. ஆகவே இரண்டாவதையே கொண்டு, கடவுச்சொல்லை நீளமாக வைத்தேன். எட்டு எழுத்து முதல் அறுபத்துமூன்று எழுத்து வரை வைக்கலாம். அரபியில் இதனை இரகசியச் சொல் என்ற பொருளில் கலிமத்துஸ் ஸிர் என்பர். நாம் கடவுச்சொல் என்கிறோம். கடவு என்பது வழி. ஒரு மொழி மறைவை நினைக்கிறது. மற்றொன்று வாயிலை நினைக்கிறது. இரண்டும் ஒரே பொருளின் இரு பக்கங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோத்து என் வாயிலுக்கு வைத்தேன்.

எல்லாம் முடிந்தபின், கூடத்தில் நின்று இளைஞர் தம் கைப்பேசியில் என் அச்சுப்பொறியைத் தேடினார். பட்டியலில் இல்லை. அண்ணனும் தேடினார். இல்லை. நான் மகிழ்ந்தேன். இளைஞர் மட்டும் மகிழவில்லை. என் மடிக்கணினியை வாங்கி, அண்ணனின் அச்சுப்பொறிக்குரிய எண்முகவரியைத் தட்டினார். அதன் அமைப்புப் பக்கம் என் திரையில் திறந்துகொண்டது.

“ஐயா, இந்தச் சுவர் ஒருபக்கச் சுவர். கூடத்திலிருந்து உங்கள் அறையைப் பார்க்க முடியாது. உங்கள் அறையிலிருந்து கூடத்தைப் பார்க்கலாம். உள்ளே இருப்பவர் கேட்டால் ரௌட்டர் வழிவிடும், வெளியே இருப்பவர் கேட்டால்தான் விடாது” என்றார்.

நான் திகைத்துப்போனேன். தட்டிக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்ப்பவனைப் போல ஆகியிருக்கிறேன். பிறர் மறைவு என் கண்ணில் படக்கூடாது என்று தொடங்கிய வேலை, என் மறைவை மட்டும் காத்துவிட்டு அவர்களைத் திறந்தவெளியில் விட்டிருக்கிறது. தன்னலம் இவ்வளவு நல்ல நோக்கத்தின் உடுப்பை அணிந்துகொண்டு வரும் என்று நான் எண்ணியதில்லை.

இதற்கு மாற்று ஒன்றுதான்: மூவருக்கும் மூன்று பெட்டிகள். கூடத்துப் பெட்டி பொதுவாசலாக மட்டும் நிற்கும். அதன்கீழ் ஒவ்வோர் அறைக்கும் ஒரு ரௌட்டர், ஒவ்வொன்றுக்கும் தன் கதவு. அப்போது எவர் அறையிலிருந்தும் மற்றவர் அறைக்கு வழி இல்லை. அண்ணனுக்கு 20 என்றும் இளைஞருக்கு 30 என்றும் எண்தொகுதி வகுத்தோம். அலை மோதுமே என்றேன். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேலொன்று படியாமல் மூன்று தடங்கள் வைக்கலாம்: 1, 6, 11. எங்கள் அறைகளும் மூன்று! ஆளுக்கொரு தடம் எடுத்துக்கொண்டோம். கூடத்துப் பெட்டியின் அந்த அலையை நிறுத்திவிட்டு, சுவரை அவ்வளவாகக் கடக்காத 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் விருந்தினருக்கென விட்டோம். தண்ணீர் கேன் பையனுக்கும் வருத்தமில்லை.

இதனால் எல்லாம் மறைந்துவிட்டதென்று வாசகர் எண்ணிவிட வேண்டா. நாங்கள் எந்தெந்தத் தளங்களுக்குச் செல்கிறோம் என்பதைக் கூடத்துப் பெட்டியை ஆள்பவரும், இணைப்பைத் தரும் நிறுவனமும் பெருமளவு அறியமுடியும். பூட்டுக்குறி உள்ள தளங்களில் நாங்கள் பேசுவது என்ன என்பதை மட்டும் அறியமாட்டார். ஆகையால் பொதுப்பெட்டியின் கடவுச்சொல்லை மூவரும் அறிந்திருக்க வேண்டும், மூவரும் அறியாமல் அதில் எதையும் மாற்றக்கூடாது என்று பேசிக்கொண்டோம். தானே கதவைத் திறந்து கள்வனை அழைப்பவனையும் எந்தச் சுவரும் காக்காது. சுவர் என்பது ஒழுக்கத்துக்கு உதவி; ஒழுக்கத்துக்கு மாற்றன்று.

இரண்டு மாதம் சென்றிருக்கும். ஒரு மாலை, வகுப்பு முடிந்து மடிக்கணினியை மூடியபோது கதவு தட்டும் ஓசை கேட்டது. திறந்தேன். அண்ணன் நின்றிருந்தார். அவருடைய அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டதாம். “ஒரு தாள் எடுத்துத் தருவீர்களா, மௌலவி?” என்று கேட்டு, கைப்பேசியிலிருந்து எனக்கு அதை அனுப்பினார். அதே மருத்துவமனையின் மறுபரிசோதனை அறிக்கை. அச்சுப்பொறி முனகிக்கொண்டு விழித்தது. தாள் வெளியே வரும்போது நான் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின் அதைக் கவிழ்த்தபடியே எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். ஒரு கணம் நின்றார். பிறகு தாளைத் திருப்பி, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி என் மேசைமேல் வைத்தார்.

“படியுங்கள். இந்த முறை நல்ல செய்தி” என்றார்.